ஷோரூம் வண்டியும் வீட்டு வண்டியும்

மாட்டு டாக்டருக்கு அன்றைக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. சமையலறையில் நின்றாள், வாசலுக்கு வந்தாள், ஷெட்டை எட்டிப் பார்த்தாள், திரும்ப உள்ளே போய்க் கழுவின டம்ளரையே இன்னொரு தரம் கழுவினாள். சனிக்கிழமை காலை. திங்கட்கிழமை அவள் மலை மேலிருக்கிற கால்நடை மருந்தகத்தில் பொறுப்பேற்க வேண்டும். மேலே பதினேழு மாட்டுப்பட்டிகள். பாதிக்கு ரோடே கிடையாது, ஆற்றில் இறங்கி ஏறுகிற தடம்தான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி சொந்தமாக வேண்டும் என்று வேலை உத்தரவிலேயே எழுதியிருந்தது. அப்படியொரு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு தனியாகப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி என்றே சொல்லலாம்.

வண்டியோ இன்னும் ஷெட்டில், அவள் புருஷன் கையில் கிடந்தது.

அவன் மெக்கானிக். கைராசிக்காரன், அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டதுமே இரண்டு பேரும் ஷோரூமுக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கே ஒரு வண்டி நின்றது. கம்பெனியிலேயே உயரத்தைக் கூட்டி, பெரிய டயர் மாட்டி, சேற்றில் சிக்கினால் தன்னைத் தானே இழுத்துக்கொள்ள முன்னால் வின்ச்சும் வைத்து அனுப்பியிருந்தார்கள். மெக்கானிக் குனிந்து அடியில் பார்த்தான். நிமிர்ந்து மூக்கைச் சுளித்தான்.

"இதுக்கா இவ்ளோ விலை? பழைய வண்டி ஒண்ணு எடுத்துக் குடு. பாதிக் காசுல இதைவிட நல்லதா நான் பண்ணித் தர்றேன்."

அன்றைக்குப் பிடித்தது சனி. கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டுமென்று பசு வாங்கி, கடைசியில் குடும்பஸ்தனாகிப் போன சாமியார் கதைதான். வாங்கிவந்த பழைய வண்டியை நாலு அங்குலம் தூக்கினான். தூக்கியதும் அடியில் ஷாஃப்ட் அதிர்ந்தது. ஷாஃப்டை மாற்றினான். பெரிய டயர் போட்டான். திருப்பினால் மட்கார்டில் உரசியது, வெட்டி எறிந்தான். அந்த டயரை இன்ஜின் இழுக்கவில்லை என்று கியரில் கை வைத்தான். கியர் சரியானதும் பிரேக் போதவில்லை. ஒவ்வொரு ஞாயிறும், "இந்த ஒண்ணுதான், இதோட முடிஞ்சுது" என்பான். எங்கே முடிந்தது? அவளும் எட்டு மாதமாகச் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

தலையாட்டிக்கொண்டே ஒரு காரியமும் செய்திருந்தாள். அவனுக்குத் தெரியாமல் ஷோரூம் வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டாள். மூன்று வாரமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிறாள். காலையில் ஷோரூம் பெண் ஃபோன் பண்ணினாள்.

"மேடம், வண்டி வந்து நிக்குது. மீதிப் பணத்தோட சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்துடுங்க. இல்லேன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம்."

பத்து மணிக்கு ஷெட்டிலிருந்து சத்தம் வந்தது. "டாக்டரம்மா! வாங்க, உங்க தேர் ரெடி!"

போய்ப் பார்த்தவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அவள் குள்ளம் என்று கூடுதலாக ஒரு படி வைத்திருந்தான். அவள் காலுக்கு எட்டும்படி சீட்டை முன்னால் தள்ளிப் பொருத்தியிருந்தான். மருந்துப் புட்டிகள் குலுங்காமல் இருக்கப் பெட்டிக்குள் ரப்பர் ஒட்டியிருந்தான். இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தவனுக்கா துரோகம் பண்ணினோம் என்று அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது. ஷோரூமுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டாள்.

"நான் மட்டும் ஒரு சுத்து ஓட்டிப் பாக்கறேங்க" என்றாள்.

"நானும் வர்றேனே."

"வேணாம். தனியா."

அவன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என்னத்தையோ தட்டினான், இன்ஜின் உறுமியது. அவள் கிளம்பினாள். கல் குவாரிக்குப் பின்னால் ஓடை இருக்கிறது. சரிவில் வண்டி ஆடு மாதிரி ஏறி இறங்கியது. அடேயப்பா! அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஓடைக்குள் இறங்கி நடுத் தண்ணீருக்கு வந்ததும் கிளட்ச்சிலிருந்து காலைச் சடக்கென்று எடுத்துவிட்டாள். இன்ஜின் நின்றுபோனது.

சாவியைத் திருகினாள். மூச்சே இல்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வரிசையாக நாலு சுவிட்ச். எதிலும் ஒரு எழுத்துக் கிடையாது. ஒவ்வொன்றாய்த் தட்டினாள், சேர்த்துத் தட்டினாள், ம்ஹூம். கடைசியில் அவனுக்கே ஃபோன் போட்டாள்.

"பதறாத, ஒண்ணுமில்ல. இடது ஓரத்துல இருக்கறத அணை. மூணாவதப் போடு. உள்ள ஒரு முனகல் கேக்கும், அஞ்சு எண்ணு. அப்பறம் ரெண்டாவத அமுக்கிக்கிட்டே சாவியத் திருகு, பிடிச்சதும் கையை எடு. முதலாவதத் திரும்பப் போட மறந்துடாத, சூடாயிடும்."

வண்டி கிளம்பியது. கரையேறி நிறுத்தினாள், இன்ஜினை அணைக்கப் பயந்துகொண்டு. மலையில் ஃபோன் எடுக்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் கேட்டாள்: "மலையில சிக்னலே இல்ல. நடு ஆத்துல நின்னா நான் யாரைக் கூப்பிடறது?"

அவன் சிரித்தான். "எதுக்குக் கூப்பிடணும்? நான்தான் பக்கத்துல இருப்பேனே!" பின்கதவைத் திறந்து காட்டினான். மருந்துப் பெட்டிக்குப் பின்னால் அவனுடைய துணிப் பெட்டியும் கருவிப் பையும் இருந்தன. "பட்டறைய பார்ட்னர்கிட்ட விட்டாச்சு. உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் சொல்லல."

பன்னிரண்டு வருஷக் கல்யாணத்தில் அவள் ஒரு பல்பு மாற்றியதில்லை. ஸ்கூட்டருக்குக் காற்றடித்ததில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியைக்கூட அவன்தான் திறந்து கையில் தருவான். அரை டன் எருமையின் வயிற்றில் தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பிப் போடுகிறவள் அவள், வீட்டுக்கு வந்தால் ஒன்றும் தெரியாத பாப்பா.

"நான் தனியாப் போகணுங்க" என்றாள்.

"சுவிட்சுதான் பிரச்சினையா? பேர் எழுதி ஒட்டிடறேன், அரை மணி நேர வேலை."

"நீங்க எழுதி ஒட்டுவீங்க. அடுத்த மாசம் அஞ்சாவதா ஒரு சுவிட்ச் வரும்."

அவன் சுவிட்ச் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். பொய் இல்லையே. அதே மூச்சில் அவள் முன்பணம் கட்டின விஷயத்தையும் போட்டு உடைத்தாள்.

"எப்ப கட்டின?"

"மூணு வாரமாச்சு."

"மூணு வாரமா நான் இங்க ராப்பகலா..." கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், திரும்ப மடித்தான். "என்னை விட்டுட்டுப் போகணும்னு அவ்ளோ ஆசையா?"

"உங்களை விட்டு இல்லங்க. உங்க ஸ்பேனரை விட்டு. ஒரு தடவையாவது நானே போய் மாட்டிக்கிட்டு, நானே வெளிய வரணும். அது தப்பா?"

மத்தியானம் அவன் சாப்பிடவில்லை, அவளும் சாப்பிடவில்லை. அவள் பெட்டியை அடுக்கினாள், கலைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், மூன்று. மறுபடி பார்த்தாள், மூன்று அஞ்சு. அவனே ஒரு வார்த்தை சொல்லாமல் ஷோரூமுக்குப் போய் நிற்க அவளுக்கு மனசில்லை, போகாமல் இருக்கவும் முடியாது. நாலரைக்கு அவன் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து நின்றான்.

"வா. அஞ்சு மணிக்குள்ள போகணும்ல?"

ஷோரூமில் அவள் மீதிப் பணம் கட்டிக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அவன் புது வண்டியின் பானெட்டைத் திறந்துவிட்டான். பழக்கதோஷம். உள்ளே எல்லாவற்றையும் ஒரே கறுப்பு மூடி மூடியிருந்தது. முடுக்க ஒரு நட்டு கண்ணில் படவில்லை. மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"முதல் சர்வீஸ் எப்பம்மா?" என்று ஷோரூம் பெண்ணைக் கேட்டான்.

"ஆறு மாசம் கழிச்சு சார். நாங்களே கூப்பிடுவோம்."

"அது வரைக்கும் நான் என்ன பண்ணணும்?"

"நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம் சார்" என்றாள் அந்தப் பெண், நல்ல சேதி சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு.

அவன் மெல்லப் பானெட்டை மூடினான். டாக்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்தாலும் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.