இரண்டு ‘மு’

மூளையில் இருக்கும் கொழுப்பை ஆராய்கிறவளைத் தனியாகத் திட்ட வேண்டியதில்லை. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று சொன்னாலே போதும். “எங்க அண்ணிக்கு மண்டைக்கொழுப்பு” என்று நாத்தனார் சொல்லும்போது, அது புகாரா அறிமுகமா என்று கேட்பவர்கள் முழிப்பார்கள்.

நாத்தனாருக்கும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை. முதலில் இருவரும் தோழிகள். பிறகு இவள் அவளுடைய அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணியாகப் போனாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே குளியலறை, இரண்டு அவசரம்.

அன்று காலையும் அந்தக் கதவில்தான் ஆரம்பித்தது.

“உள்ள என்ன, குடித்தனமா நடத்துறீங்க?” என்று நாத்தனார் தட்டினாள்.

“அவசரம்னா முன்னாடியே எந்திரிக்கணும்.”

“பதிலப் பாரு. மண்டைக்கொழுப்பு!”

“தண்ணிய எடுத்துட்டா மூளையில பாதிக்கு மேல கொழுப்புதான்மா. எனக்கு மட்டும் இல்ல, உனக்கும்தான்.”

“ரெண்டு பேரும் வாய மூடிட்டுக் கிளம்புங்க” என்றார் மாமியார்.

மாமியார் சொல்லை அவர்கள் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் பேச்சில்லை. ஆய்வுக்கூடத்திலும் பேச்சில்லை.

பேசியிருக்க வேண்டிய நாள் அது. மதியம் துறைத் தலைவர் வருவதாக இருந்தது. எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். “எலிக்குட்டி மூளைக்கும் வளர்ந்த எலி மூளைக்கும் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியணும். இல்லேன்னா உங்க மேசையை முதுகுத்தண்டுக்காரங்களுக்குக் குடுத்துடுவேன்” என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். மேசை போனால் ஆராய்ச்சியும் போச்சு.

வித்தியாசம் என்னவோ இருக்கத்தான் செய்கிறது. பிறந்த அன்று எலிக்குட்டியின் நரம்புகள் உறை போடாத மின்கம்பி மாதிரி. வளர வளரத்தான் மயலின் என்ற கொழுப்புறை சுற்றிச் சுற்றி ஏறும். அந்த உறையோடு வருவது செரிப்ரோசைடு. கண்ணாடித் தட்டில் சொட்டு வைத்துக் கரைப்பானை ஏறவிட்டால், ஒவ்வொரு கொழுப்பும் தன் உயரத்தில் நின்றுவிடும். வளர்ந்த மூளையில் செரிப்ரோசைடு பட்டையாகத் தெரியும். பிறந்த குட்டியில் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

அண்ணி வளர்ந்த எலியின் மூளையில் ஒரு பாதியை அரைத்துக் கொழுப்பைப் பிரித்து, குழாயில் ‘மு’ என்று எழுதித் தாங்கியில் வைத்தாள். முதிர்ந்தது. மருந்து வாசனைக்கு நடுவே கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், பக்கத்தில் சிவப்பு மூடி போட்ட குழாய் ஒன்று நின்றது. சிவப்பு மூடி நாத்தனாருடையது. அதிலும் ‘மு’.

‘குட்டியை எடுக்கச் சொன்னால், இவளும் வளர்ந்ததையே எடுத்து வைத்திருக்கிறாள். கோபமாம்!’ என்று மனதுக்குள் பொருமினாள். கேட்டிருந்தால் ஒரு வார்த்தை. கேட்பதாவது? சரி, ஒன்றுக்கு இரண்டாகச் சோதித்ததாக இருக்கட்டும் என்று இரண்டையும் தட்டில் ஏற்றினாள்.

பட்டைகள் தெரியச் சூடேற்றும் அடுப்பிலிருந்து தட்டு வெளியே வரவும் பெரியவர் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

“ரெண்டும் வளர்ந்த எலியா?”

“ஆமா சார்.”

“அப்போ இதுல பட்டை இருக்கு, அதுல காணோம். எலி இடையில மறந்துடுச்சா?”

அவள் அறையின் அந்தக் கோடியில் குழாய் கழுவிக்கொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்தாள். வேறு வழியில்லை.

“ஏய், உன் ‘மு’ன்னா என்ன?”

“முதல் நாள். ஏன் அண்ணி, உங்க ‘மு’ என்ன?”

“முதிர்ந்தது!”

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “பட்டையப் பாத்துட்டு அர்த்தம் சொல்றீங்களாக்கும்? நல்லா இருக்கும்மா.”

அவர் கேட்டது நியாயம்தான். எது குட்டி என்பதற்கும் தட்டையே சாட்சிக்கு இழுத்தால் கதை கந்தலாகிவிடும். அவள் யோசித்து முடிப்பதற்குள் நாத்தனார் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு உறைபனிப் பெட்டியைத் திறந்துவிட்டாள். அரைக்காத மறுபாதிகள் அங்கேதான், அவரவர் டப்பியில் இருக்கும். சிவப்பு மூடி டப்பியில் பட்டாணி அளவு. இவள் டப்பியில் ஒரு முழுப் பாதாம் அளவு.

“குட்டித் தலைக்குள்ள பாதாம் போகாது சார்” என்றாள் நாத்தனார்.

பெரியவர் இரண்டு டப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு, “மறுபடியும் போட்டுக் காட்டுங்க. அதுவரைக்கும் மேசை உங்களோடதுதான். ஆனா குழாயில முழு வார்த்தையும் எழுதணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரவுச் சாப்பாட்டில் இதைக் கேட்ட மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். “ஒரு வார்த்தை கேக்க முடியாத அளவுக்கு ரெண்டு பேருக்கும் மண்டைக்கொழுப்பு!”

“பொறந்தப்போ இல்லம்மா” என்றாள் நாத்தனார். “வளர வளரத்தான் வருது. அண்ணி தட்டு போட்டுக் காட்டிட்டாங்க.”

மறுநாள் அண்ணி குழாயில் ‘முதிர்ந்தது’ என்று எழுதினாள். வார்த்தை குழாயைச் சுற்றிப் போய், கடைசி ‘து’ முதல் ‘மு’வின் மேலேயே ஏறி உட்கார்ந்தது.

“என்ன அண்ணி, உறை சுத்துறீங்களா?” என்றாள் நாத்தனார், சிவப்பு மூடியைத் தேடிக்கொண்டே.