ஆமை திரும்பிய சரிவு

ஆமைக்கு ஆறு சக்கரம், ஒரு கை, அந்தக் கையின் நுனியில் ஒரு துளைப்பான். வேறொரு கோளின் செம்மண்ணில் அது ஊர்ந்துகொண்டிருந்தது. அதை ஓட்டியவள் இங்கே, சன்னலில்லாத ஓர் அறையில் உட்கார்ந்திருந்தாள். கார் ஓட்டுவது போன்ற வேலை இல்லை இது. இங்கிருந்து அனுப்பும் கட்டளை அங்கே போய்ச் சேரவே கால் மணி நேரம் ஆகும். பள்ளத்தைப் பார்த்து பிரேக் போட்டால், அது போய்ச் சேர்வதற்குள் வண்டி பள்ளத்தில் கிடக்கும். அதனால் இன்று வந்த படங்களைப் பார்த்து நாளைய பாதையை வரி வரியாக எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். என்ன ஆயிற்று என்பது மறுநாள்தான் தெரியும்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. நம்ம வீட்ல அது தினமும் சாப்பாட்டு மேசைல உட்கார்ந்திருக்கு" என்று அவள் கணவன் கிண்டல் செய்வான்.

அவனுக்கும் அதில் பங்குண்டு. துளைப்பானைப் பூட்டிய மெக்கானிக் அவன்தான். அதன் முனைகளைச் சூட்டில் வைத்துக் கிருமிகளைக் கொன்று, பெட்டிக்குள் போட்டு மூடியிருந்தார்கள். அங்கே போன பிறகு ஆமையே ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். இறங்கும் அதிர்ச்சியில் மாட்டும் பொறி உடைந்தால் என்ன செய்வது என்று அவன் கேட்டான். ஒரு முனையை இங்கேயே மாட்டிவிட எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அவன் பெட்டியைத் திறந்தான். பயந்தபடியே பொறி உடைந்தது. அவன் மாட்டிய ஒற்றை முனைதான் இத்தனை காலமும் பாறைகளைத் துளைத்தது.

ஆனால் திறந்த பெட்டி திறந்ததுதான். கையுறையிலும் ஒரு கிருமி ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆகவே ஈரம் இருக்கக்கூடிய இடத்துக்கு ஆமை போகக் கூடாது என்று விதி வந்தது. அங்கே ஆட்களைக் குடியேற்றாமல் இயந்திரத்தை அனுப்பியதற்கே பாதிக் காரணம் இதுதான். மனிதன் நடமாடும் கிருமிமூட்டை. அவன் கால்பட்ட இடத்தில் ஓர் உயிர் கிடைத்தாலும், அது அந்த மண்ணில் பிறந்ததா, அவன் செருப்போடு வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே ஏற்கெனவே பிழைத்துக்கிடப்பதை நம் கிருமி அழித்துவிடவும் கூடும்.

இப்போது ஆமைக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் ஒரு சரிவு. கோடையில் அதில் கருங்கோடுகள் வழியும், குளிரில் மறையும். உப்புநீராக இருக்கலாம். ஆமையின் பேட்டரியும் தளர்ந்துவிட்டது. இனி இன்னொரு கோடை அதற்கில்லை.

கணவன் மருத்துவமனையில், கண்ணாடி அறைக்குள் இருந்தான். இரத்தத்தில் வந்த நோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றியிருந்தார்கள். புதியது பிடிக்கும்வரை சாதாரணச் சளிக்கிருமிகூட அவனுக்கு எமன். அவள் கைகழுவி, முகமூடி, அங்கி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவாள். வெறுங்கையால் அவனைத் தொட்டு மாதக்கணக்காகிவிட்டது.

சரிவைப் பற்றிச் சொன்னதும் அவன் கெஞ்சினான். "ஒரே ஒரு தடவை போய்ப் பாத்துடேன். நான் திறந்ததால அந்த வழி மூடிப்போச்சுன்னு இருக்க வேணாம்."

மறுநாள் கூட்டத்தில் பாதிப்பேர் போகலாம் என்றார்கள். எப்படியும் சாகப்போகிற வண்டிதானே என்றார் ஒருவர். தலைவர் அவளைப் பார்த்து, ஓட்டுபவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள் என்றார். சரி என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது.

"அங்க ஏதாவது உயிரோட இருக்கலாம்," என்றாள். "அந்த வாய்ப்பு இருக்கிற வரைக்கும் தொடக் கூடாது."

ஆமையைத் திருப்பும் கட்டளையை எழுதி அனுப்பிவிட்டு, அவனிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையோடு மருத்துவமனைக்குப் போனாள். வழக்கம்போல முழங்கைவரை கழுவிவிட்டுக் கையுறைக்கு நீட்டிய கையை நர்ஸ் மெல்லத் தடுத்தாள்.

"இனிமே அதெல்லாம் வேணாங்க்கா. அப்படியே போங்க. புது மஜ்ஜை பிடிக்கலைன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

எதற்காகக் கையுறை மாட்டுகிறோம் என்று தெரிந்தவளுக்கு, எப்போது அது வேண்டாம் என்பார்கள் என்றும் தெரியும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போனாள்.

"திருப்பிட்டியா?" என்றான்.

"திருப்பிட்டேங்க."

அவன் அவளுடைய வெறுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் புரிந்திருந்தது.

"நல்லது," என்றான். "அங்கயாவது காப்பாத்த ஏதோ இருக்கு."

அவள் அவன் கையைப் பிடித்தாள். மருந்துச் சோப்பில் கழுவிக் கழுவி அவள் உள்ளங்கை தோலுரிந்து கிடந்தது. அவன் கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தான்.

"எத்தனை தடவைதாம்மா கழுவின?"

அவள் மற்றக் கையையும் கொடுத்தாள்.