முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

மாலைச் சங்கு ஊதும்போதே வெளியே இருட்டிவிடும். குளிர்காலம் வந்துவிட்டால் அந்தப் பாட்டில் ஆலையில் வேலை செய்கிறவர்களுக்குச் சூரியன் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். இருட்டில் வருவார்கள், இருட்டில் போவார்கள். நடுவில் நாள் முழுக்கப் பழைய பாட்டில்களைக் கழுவி, காயவைத்து, லேபிள் ஒட்டி, பெட்டியில் அடுக்குவார்கள். சங்கு ஊதியதும் ஈரத்தில் ஊறி விறைத்த விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்கு ஓடுவார்கள். ஓடித்தான் ஆக வேண்டும். வரிசை யாருக்காகவும் காத்திருக்காது.

அது என்ன வரிசை என்று சொல்லிவிடுகிறேன். ஆலையிலிருந்து குடியிருப்புக்குப் போகும் வழி ஏரிக்கரைச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரங்கள். பெயருக்குக்கூட ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. கம்பம் நடுவதாகச் சொல்லி எப்போதோ குழி வெட்டினார்கள்; அந்தக் குழிகளிலும் இப்போது புல் முளைத்துவிட்டது. சுற்றுவழியைத் தவிர்க்க நினைக்கும் லாரிகளெல்லாம் அந்தச் சாலையில்தான் பறக்கும். ஆகவே ஆலைக்காரர்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவர் பின் ஒருவராகப் போவது. முதல் சைக்கிளில் ஒரு வெள்ளை விளக்கு, கடைசிச் சைக்கிளில் ஒரு சிவப்பு விளக்கு. நடுவில் போகிறவர்களுக்கு ஒன்றும் வேண்டாம். ரயிலுக்கு அப்படித்தானே இருக்கிறது என்பார்கள்.

முதலில் போகிறவர் கழுவும் பிரிவின் மூத்த ஆள். அவருக்குத் தளபதி என்று பட்டப்பெயர். பெயருக்கேற்ற மிடுக்கும் உண்டு, சட்டமும் உண்டு. ஓட்டும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சைக்கிள் வளையும், வரிசை கலையும். கடைசியில் போகிறவர் யாரென்றால், ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர். சிவப்பு விளக்கு வாங்க வேண்டியதும் அவர்தான். அடுத்த புது ஆள் வந்ததும் பழைய புது ஆள் அதைக் கழற்றிப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டு முன்னால் நகர்ந்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் சிவப்பு எரிந்தால் இன்னும் கற்றுக்குட்டி என்று பொருள். உயிரைக் காக்கும் விளக்கை அவமானச் சின்னமாக்கி வைத்திருந்த புத்திசாலிகள் அவர்கள்.

அந்தக் குளிர்காலத்தில் புதிதாகச் சேர்ந்தவள், பெட்டி அடுக்கும் பெட்டிக்காரனின் மனைவி. லேபிள் ஒட்டும் மேசையில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சைக்கிள் கடைக்குப் போனார்கள்.

"ரெண்டு சிவப்பு குடுங்க" என்றாள் அவள்.

"ஒண்ணு போதும்" என்று குறுக்கே விழுந்தான் பெட்டிக்காரன். "எனக்கு எதுக்கு? நான் சேந்து எத்தனை வருஷமாச்சு! இந்த வயசுல சிவப்பு மாட்டிக்கிட்டுப் போனா கொட்டகையே கைகொட்டிச் சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நடுவழியில நான் எங்கயாவது நின்னுட்டா என்ன செய்வீங்க?"

"நீ ஏன் நிக்கப் போற? எனக்குப் பின்னாடியேதானே வரப்போற. ரயில்ல பெட்டிக்குப் பெட்டியா சிவப்பு விளக்கு மாட்டியிருக்கான்?"

"ரயில் பெட்டிய கொக்கி போட்டு மாட்டியிருக்காங்க. என்னை உங்க சைக்கிளோட கொக்கி போட்டா மாட்டியிருக்கு?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். கடைக்காரர் முன்னால் தோற்றது பெட்டிக்காரனுக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்றக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பெரிய முன்விளக்கைக் காட்டி, "அத எடுங்க பாப்போம்" என்றான். கடைக்காரர் கதவைப் பாதி சாத்திவிட்டு அதைப் போட்டுக் காட்டினார். எதிர்ச்சுவர் வெள்ளையாகப் பொங்கியது. சுவரில் ஊர்ந்த எறும்புகூடத் தெரிந்தது. பெட்டிக்காரனுக்கு வாயெல்லாம் பல். தளபதி சீக்கிரமே ஓய்வு பெறப் போகிறார். அடுத்து வரிசையை நடத்தப் போவது தான்தான் என்று அவன் வெகு நாளாக மனத்தில் போட்டு வைத்திருந்தான். இப்படி ஒரு விளக்கு கையில் இருந்தால் யார் மறுக்க முடியும்?

அவள் அதற்குள் சிவப்பு விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறையோடு அமுக்கினால் எரிகிறதா, பட்டை குலுங்காமல் பிடிக்கிறதா, மழை உள்ளே போகாதா என்று பார்த்து, விட்டு விட்டு எரியும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டாவதாக அதே போல இன்னொன்றையும் கையில் எடுத்தாள். அவன் அதை வாங்கித் திரும்ப வைத்துவிட்டான்.

"இந்தப் பெரிய விளக்க வாங்கிடுவோம். அத அடுத்த மாசம் பாக்கலாம்."

அவள் ஒரே ஒரு சிவப்பு விளக்கோடு கடையை விட்டு இறங்கினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனத்தில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. சொன்னால் சண்டை வரும். சண்டைக்குப் பயந்து எத்தனை பேர் எத்தனை நல்ல வார்த்தையை விழுங்கியிருக்கிறார்கள்!

திங்கட்கிழமை முதல் வரிசையின் கடைசியில் இருவரும் போனார்கள். மூப்புப்படி அவன் நடுவில் இருக்க வேண்டியவன். மனைவிக்காகப் பின்னால் வந்து அவளுக்கு முன்னால் ஓட்டினான். அந்த மட்டும் நல்லவன்தான். அவனுடைய விளக்கு முன்னால் போகிறவர்களின் முதுகுகளை வெளுத்துக் காட்டியது.

"மாப்ள, முதுகு சுடுதுப்பா!" என்று கத்தினார் முன்னால் போனவர்.

"குளிருக்கு இதமா இருக்கட்டும்னுதான் அண்ணே!" என்றான் இவன். வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் மட்டும் அவனுடைய முதுகையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். ஆலை கொடுத்த கருநீலக் கோட்டு. அவளுடைய விளக்கும் அவளோடு நின்றுவிட்டால் பின்னாலிருந்து பார்ப்பவனுக்கு அந்த முதுகும் இருட்டும் ஒன்றுதான்.

அந்த வாரமே ஒரு நாள் பனி இறங்கியது. ஏரி எது, சாலை எது என்று தெரியவில்லை. காதுவரை குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசை கிளம்பியது. பாதி வழியில், மரங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில், அவளுடைய மிதிகட்டை திடீரென்று வெறுமனே சுற்றியது. செயின் கழன்றுவிட்டது.

"என்னங்க! நில்லுங்க!"

பனி அவளுடைய குரலை அப்படியே விழுங்கிவிட்டது. அவன் காதில் குல்லாய். இன்னொரு தடவை அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். அவனுக்கு ஏதோ கேட்ட மாதிரிதான் இருந்தது. திரும்பிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தான். வரிசை கலைந்தால் தளபதி எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்குவார். நாளைக்கு வரிசையை நடத்தப் போகிறவனுக்கு அது அழகா? பின்னால்தான் வருவாள் என்று மிதித்தான். அவனுடைய விளக்கின் வெளிச்சம் பனிக்குள் மங்கி, ஒரு வெள்ளைப் புகையாகத் தூரத்தில் தெரிந்தது.

அவள் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துக் குனிந்து செயினைத் தொட்டாள். அப்போதுதான் பின்னாலிருந்து அந்த உறுமல் கேட்டது. லாரி.

அவளுடைய சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. லாரி அதைப் பார்த்துவிட்டது. வேகம் குறைத்தது, ஒதுங்கியது, ஒரு தடவை ஹாரன் அடித்து மரியாதையாக அவளைக் கடந்தது. கடந்ததும் மறுபடி வேகம் எடுத்தது.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். வரிசையின் சிவப்பு விளக்கு இங்கே, அவள் காலடியில் எரிகிறது. அங்கே வரிசைக்குப் பின்பக்கம் என்று ஒன்றும் இல்லை. அவன்தான் இப்போது கடைசி. "நிறுத்துங்க! முன்னாடி ஆளுங்க போறாங்க!" என்று இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு லாரியின் பின்னால் ஓடினாள். லாரியின் பின்விளக்குகள் சின்னதாகி, பனியில் கரைந்தன. சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் அவள் கடவுளைக் கூப்பிட்டாள், பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னாள், ஓடிக்கொண்டே இருந்தாள்.

பிறகு பிரேக் கிறீச்சிட்டது. அதற்கு மேல் இரும்பு நசுங்கும் சத்தம்.

ஆஸ்பத்திரியில் விடிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். பெட்டிக்காரனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தளபதியும் ஆலைக்காரர்களும் தாழ்வாரத்தில் சுவரை ஒட்டி நின்றார்கள். லாரி ஓட்டுநரும் அங்கேதான் இருந்தார்; ஓடிப் போகவில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உங்கள பாத்தேன்மா, ஒதுங்கிப் போனேன். அப்புறம் தூரத்துல வெள்ளையா வெளிச்சம் தெரிஞ்சுது. எதிர்ல ஏதோ வண்டி வருதுன்னு நெனச்சேன். அதுக்கு வழி விடத்தான் நான் ஓரம் கட்டினேன். அந்த ஓரத்துல இவரு போறாருன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? பனியில அவ்வளவு வேகம் கூடாதுதான். என் தப்பு இல்லன்னு சொல்லல. முதுகுல ஒரு பொட்டு சிவப்பு தெரிஞ்சிருந்தா நின்னிருப்பேனே!"

அவள் கண்ணீர் வற்றிப்போன முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். கார் மாதிரி எரியும் விளக்கை வாங்கிக்கொண்டு, லாரியைத் தன்மேல் தானே அழைத்திருக்கிறான் மனுஷன். கடையில் அந்த இரண்டாவது விளக்கைத் திரும்ப வைக்கவிட்ட தன்மேலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அதை யாரிடம் காட்டுவது?

தளபதி தொண்டையைச் செருமிக்கொண்டு அருகில் வந்தார்.

"எல்லாம் கெட்ட நேரம், தங்கச்சி. நம்ம கையில என்ன இருக்கு? உனக்கு நேரம் நல்லா இருந்துச்சு, நீ தப்பிச்சுட்ட. மனச தேத்திக்க."

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நேரம் என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் வசதி. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை ஆலையில் யாரிடமும் அவள் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

"நேரத்து மேல பழி போடாதீங்க அண்ணே. அதே ரோடு, அதே பனி, அதே லாரி. நான் தனியா நின்னேன், எனக்கு ஒரு கீறல் இல்ல. அவரு இத்தனை பேரோட போனாரு, கால் போச்சு. ஏன்னா என் முதுகுப் பக்கம் விளக்கு இருந்துச்சு, அவரு முதுகுப் பக்கம் இல்ல. அவ்வளவுதான். இங்க நிக்கற உங்கள்ல ஒருத்தருக்கும் இல்ல. நாம பாக்கறதுக்கு மட்டும் விளக்கு இல்லீங்க, நம்மள அடுத்தவன் பாக்கறதுக்கும்தான். அடுத்தவங்க சைக்கிள்ல எரியற விளக்கு உங்க உசுர காப்பாத்தாது. இன்னிக்கு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு சிவப்பு வாங்கி மாட்டிட்டுப் போங்க. வெக்கமா இருந்தா, உள்ள போய் அவர ஒரு தடவ பாத்துட்டுப் போங்க."