ஒற்றை நகம்

ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டிய கிளிப்பு மூன்றாவது முறையும் எண் காட்டவில்லை. ஆம்புலன்ஸில் வந்த பெண் அதைக் கழற்றிவிட்டு, வேலாயுதத்தின் கைகளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பத்து நகமும் நீலம். அவள் முகம் மாறியது.

"அது சாயம்மா," என்றாள் அவர் மனைவி கலாவதி அவசரமாக. "இவரு பட்டு நூலுக்கு சாயம் போடறவரு. முப்பது வருஷமா இந்தக் கை இப்படித்தான் இருக்குது. நேத்து நாவல்பழக் கலரு, இன்னிக்கு மயில்கழுத்து."

சொன்ன குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் வேலாயுதம் போட்ட நூல் என்றால் தறிக்காரர்கள் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு போவார்கள். எத்தனை தண்ணீர் கண்டாலும் அந்தச் சாயம் போகாது.

"அப்பாடா," என்று அந்தப் பெண் மூச்சு விட்டாள். நூற்றியெட்டு வண்டி ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கூடவே ஒரு டாக்டரும் இறங்குவார் என்று கலாவதி நினைத்திருந்தாள். இறங்கியதோ இருபத்தைந்து வயது நிரம்பாத ஒரு பெண். சட்டையில் காயத்ரி என்று எழுதியிருந்தது. வண்டி ஓட்டி வந்த முனுசாமியை அவள் பைலட் சார் என்று கூப்பிட்டாள்.

"ஐயா, நாக்கை நீட்டுங்க."

சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த வேலாயுதம் நாக்கை நீட்டினார். அதுவும் நீலமாக இருந்தது.

எந்தச் சாயக்காரனும் நாக்கில் சாயம் பூசிக்கொள்வதில்லை. கலாவதிக்குக் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது.

காலை ஆறு மணிக்கு அவர் பட்டறையிலிருந்து வந்து முற்றத்தில் உட்கார்ந்தபோதே மூச்சு வாங்கியது. கொதிக்கிற தொட்டியின் ஆவியில் நிற்பவருக்கு இருமலும் இளைப்பும் புதிதல்ல. உதட்டில் இருந்த நீலத்தைப் பார்த்து இவள் சிரித்தாள். "இன்னா இது, நூலுக்குப் போடறதை விட்டுட்டு வாயிலயும் பூசிக்கினு வந்திருக்கீங்க?" என்று முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. "உங்க சாயம் எங்க போவும்," என்றாள். அவரும் சிரித்தார். ஓமத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வேலாயுதத்தின் தம்பி உமாபதி ஒரு கையில் சோடாவும் மறு கையில் தலையணையுமாக ஓடிவந்தான்.

"படுக்க வைக்காதீங்க சார், மூச்சு இன்னும் முட்டும். குடிக்கவும் எதுவும் குடுக்க வேணாம்," என்று காயத்ரி தடுத்தாள். பிராணவாயு முகமூடியை மாட்டினாள். செல்போனில் யாரோ ஒரு டாக்டரிடம் வயது, நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் சொல்லி, அவர் சொன்ன மாத்திரையை எடுத்து, "மென்னுக்கோங்க ஐயா, முழுங்கக் கூடாது," என்று முகமூடியை விலக்கி நாக்கில் வைத்தாள். வயசுக்கு மீறிய நிதானம். முனுசாமியும் உமாபதியும் அவரை உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். கலாவதியும் கூடவே ஏறிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியதும் காயத்ரி ஒரு தாளை எடுத்தாள்.

"எத்தினி மணிக்கும்மா மூச்சு வாங்க ஆரம்பிச்சுது?"

"இப்பதாம்மா. ஒரு பத்து மணிக்கு."

காயத்ரி எழுதவில்லை. பேனாவைத் தாளில் வைத்தபடியே சொன்னாள். "சரியா சொல்லுங்கம்மா. நெஞ்சடைப்பா இருந்தா ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்குது. எப்ப ஆரம்பிச்சுதுன்றதை வெச்சுத்தான் டாக்டர் அதைப் போடலாமா வேணாமான்னு பாப்பாரு."

கலாவதி புருஷனைப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே அவர் கண்கள் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் எதிரில் அதைச் சொல்ல வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

"ஆறு மணி," என்றாள். "காலைல ஆறு மணிக்கே உதடெல்லாம் நீலமா இருந்துச்சு. நான் சாயம்னு நெனச்சுத் தொடச்சேன். சிரிச்சேம்மா. சிரிச்சுட்டு உள்ள போயிட்டேன்."

காயத்ரி ஆறு என்று எழுதினாள். புருவத்தைத் தூக்கவில்லை, உச்சுக் கொட்டவில்லை. ஒரு பொட்டலத்தைக் கிழித்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கலாவதியின் கையில் வைத்தாள்.

"இந்த ஆள்காட்டி விரல் நகத்தை மட்டும் சுத்தமா தொடைச்சுக் குடுங்கம்மா. கிளிப்பு மாட்டணும்."

கலாவதி அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள். கை சில்லென்று இருந்தது. ஆயிரம் தண்ணீருக்கு அசையாத சாயம் ஸ்பிரிட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. பஞ்சு நீலமானது. இன்னொரு பஞ்சு வந்தது. குனிந்த தலை நிமிராமல் தேய்த்தாள். முப்பது வருஷத்தில் அந்தக் கையை இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்ததே இல்லை. சாயக்காரன் கை காயவே காயாது, பிடிக்க எங்கே நேரம்?

"நூலு," என்றார் அவர் முகமூடிக்குள்ளிருந்து. "வெயில் ஏறுது. நெழல்ல போடச் சொல்லு."

"உமாபதி பாத்துப்பான். நீங்க பேசாதீங்க."

அவர் விரலை லேசாக மடக்கி அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்தபடியே இருந்தார்.

"இப்ப மாட்டலாமாம்மா?" என்று கலாவதி கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் தேயுங்க," என்றாள் காயத்ரி. அவள் அவருடைய தலைப்பக்கம் நின்று, காதருகே சிவப்பாக எரிந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜவீதி தாண்டியதும் அந்தப் பிடி தளர்ந்தது.

"ஐயா! ஐயா, என்னைப் பாருங்க!" காயத்ரி அவர் கழுத்தில் விரல் வைத்தாள். அடுத்த நொடி அவரைச் சாய்த்துக் கிடத்தி, நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கினாள். வாய்விட்டு எண்ணினாள். முப்பது வந்ததும் பலூன் மாதிரி இருந்த பையைப் பிசைந்து காற்று கொடுத்தாள். மறுபடி ஒன்றிலிருந்து. "பைலட் சார், ஆஸ்பத்திரில சொல்லிருங்க!" என்று இடையில் ஒரு முறை கத்தினாள். வண்டி நின்று, படுக்கை இறங்கி, ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து உள்ளே போகும்வரை அந்தக் கைகள் நிற்கவில்லை. உள்ளே ஒரு டாக்டர் தம் கைகளை வைத்த பிறகுதான் எடுத்தாள்.

அரை மணி கழித்து டாக்டர் வெளியே வந்து சொன்னார். பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த உமாபதி சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். கலாவதிக்கு அழுகை வரவில்லை. தாழ்வாரத்துக் கோடியில் காயத்ரி ஒரு பெஞ்சில் அந்தத் தாளை வைத்து மிச்சத்தை எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து கோணலாக விழுந்தது. கலாவதி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ சொல்லும்மா. காலைலயே கூப்பிட்டிருந்தா பொழச்சிருப்பாரா?"

காயத்ரி பேனாவை மூடினாள்.

"பொழச்சிருக்கலாம்மா. பொழைக்காமயும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொல்லவும் கூடாது." எழுதின தாளை மடித்தாள். "நீங்க சாயம்னு சொன்னதும் நானும் அப்பாடான்னு விட்டேன், பாத்தீங்கல்ல? சந்தேகம்னா நாக்கைப் பாக்கணும்னு எனக்கு சொல்லிக் குடுத்திருக்காங்க. அதனால பாத்தேன். உங்களுக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?"

கலாவதி அந்தப் பெண்ணின் தோளில் முகத்தை வைத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. காயத்ரி நகரவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. தோளை மட்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். முனுசாமி வந்து வாலாஜாபாத் சாலையில் விபத்து என்று மெதுவாகச் சொன்னதும், "போய்ட்டு வரேம்மா," என்று எழுந்து, நாலு எட்டு நடந்து, பிறகு ஓடினாள்.

மத்தியானம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நூலெல்லாம் தாழ்வாரத்து நிழலில் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

முற்றத்தில் பலகை போட்டு உட்கார்த்தி வைத்துக் குளிப்பாட்டினார்கள். கலாவதி ஒரு சொம்பு ஊற்றினாள், சீயக்காயை எடுத்து அவர் கையில் தேய்த்தாள். "நகத்தை நல்லா தேய் கலா, சாயத்தோடவா அனுப்பறது?" என்றாள் அவருடைய அக்கா.

"அது போவாதுக்கா. வுடுங்க."

ஒன்பது நகம் மயில்கழுத்து. ஆள்காட்டி விரலில் மட்டும் வெளுத்த நகம். அவ்வளவு சுத்தமாகத் துடைத்தும் அதில் கிளிப்பை மாட்டவே இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது. தலையில் தேய்த்த எண்ணெய் வழிந்த இடத்தைத் துடைக்கப் போனாள். காதுச் சோணையில் கடுகளவு பள்ளம் ஒன்று பதிந்திருந்தது. வண்டியில் அவர் காதருகே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது நினைவுக்கு வந்தது. வண்டி கிளம்பியதிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. அப்படியானால் கிளிப்பு அப்போதே காதில் மாட்டியாகிவிட்டது; நகத்தைத் துடைக்கச் சொன்னது கிளிப்புக்காக அல்ல.

கலாவதி அந்த விரலைச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் அவளைத் தலை முழுகக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார்கள். தலையில் ஐந்தாறு குடம் விழுந்தது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும், பஞ்சைப் பிடித்திருந்த இடத்தில், மயில்கழுத்து ஒட்டியிருந்தது. அக்கா சோப்பை நீட்டினாள். கலாவதி இடது கையால் வாங்கி, தேய்க்காமலே அதைக் கிணற்றுச் சுவரின் மேல் வைத்தாள்.