இருபத்தெட்டு வரிசை அரணை

பதினெட்டு நாளாகக் குனிந்து இலையைக் கிளறினால் இடுப்பு என்ன இரும்பா? உயிரினக் கணக்கெடுக்க வந்தவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கிடங்குக்குப் பின்னால் இருக்கும் துண்டுக் காட்டை வெட்டிவிட்டு லாரி நிறுத்த இடம் கட்டப்போகிறார்கள். அங்கே காட்டு அரணை இருக்கிறது, அது வாழத் தோதான இடமும் இருக்கிறது என்று காட்டிவிட்டால் மரங்கள் தப்பும். இடத்தைப் பார்த்து முடிவு சொல்ல நாளைக் காலை அரசுக் குழு வருகிறது. இதுவரை அகப்பட்டதெல்லாம் தோட்டத்தில் திரிகிற சாதாரண அரணை.

கிடங்குக் காவலாளி தங்கமான மனுஷன். நாற்காலி கொண்டுவந்து போடுவார். ஆனால் அரணை என்றால் பத்தடி தள்ளித்தான் நிற்பார்.

“கடிச்சா மரணம்பாங்களேம்மா?”

“விஷமே கிடையாதுண்ணே. கடிக்க வந்ததையே மறந்துட்டுப் போயிடும்னும் நீங்கதான் சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க.”

மாலை நான்கு மணிக்கு, உளுத்த கட்டையைப் புரட்டியபோது அது மாட்டியது. பக்கவாட்டில் கருங்கோடு, குட்டைக் கால். நிறத்தை நம்பினால் மோசம் போவோம். செதிலை எண்ணித்தான் ஆகவேண்டும். வயிற்றைச் சுற்றி முப்பத்துநான்கு வரிசை என்றால் சாதாரணம், இருபத்தெட்டு என்றால் காட்டு அரணை. லென்ஸை வைத்து எண்ணினாள். பத்தொன்பதில் அது நெளிந்தது. சனியனே! மறுபடி ஒன்றிலிருந்து. மூன்று தடவை எண்ணினாள், மூன்று தடவையும் இருபத்தெட்டு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஈர இலை போட்ட டப்பாவில் அதை விட்டாள். நாளைக்குக் குழு பார்த்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

“இத்தனை நாள் எங்கம்மா ஒளிஞ்சிருந்துச்சு?”

கருங்கோட்டையும் செதிலையும் காட்டியவளுக்கு, அந்த இலைப் படுகையைப் பற்றிச் சொல்லத் தெம்பில்லை. “இந்தக் குப்பைக்குள்ளதாண்ணே. என் உயிரை வாங்கிடுச்சு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

காலையில் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காடு முழுக்க விளக்குமாற்றுத் தடம். கட்டைகள் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. மூலையில் இலைக் குவியல் புகைந்துகொண்டிருந்தது.

“நேத்து ராத்திரியே ஆரம்பிச்சேம்மா. பெரியவங்க வர்ற இடம் பளிச்சுனு இருக்க வேணாமா? அரணைக்கும் தண்ணி வச்சிருக்கேன், பாருங்க.” வெறும் மண்ணின் நடுவே ஒரு கிண்ணம். அவர் உள்ளங்கையில் கொப்புளம்.

திட்ட வாய் வரவில்லை. நேற்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா பாவி, என்று தன்னையே நொந்துகொண்டாள். “அதோட வீடே அந்த இலைதாண்ணே. அடியில இருக்கிற ஈரம், பூச்சி, எல்லாமே அதுக்குத்தான்.”

அவர் முகம் செத்துப்போனது. “இலை திரும்ப விழாதாம்மா?”

“விழும். மக்கி ஈரம் பிடிக்க நாலஞ்சு வருஷம் ஆகும்.”

குழுத் தலைவர் டப்பாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “இங்கயா பிடிச்சீங்க? யார் இப்படிப் பெருக்கினது?”

காவலாளி வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள். “நான்தான் குப்பைன்னு சொன்னேன், சார்.”

தலைவர் தலையாட்டிவிட்டுப் படிவத்தில் எழுதினார்: அரணை உண்டு. வாழிடம் இல்லை.