ஜோடியாக வந்தால் மட்டும்

"மொகத்தக் கழுவிட்டு வந்து இப்பிடி உக்காரு. பொட்டு வைக்கணும்," என்றாள் ராக்காயி.

பிரமிளாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. படுக்கையில் கிடந்த மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அறை வாசலில் மாமியார் நின்றிருந்தாள். ஒரு கையில் பொட்டு அட்டை, மறு கையில் தாலிச் சங்கிலி. பிரமிளாவின் தாலிதான் அது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தாப்பா பக்கத்தில் லோரி கவிழ்ந்து அவள் புருஷன் மகேந்திரன் செத்துப்போனபோது, பதினாறாம் நாள் காரியத்தில் அதைக் கழற்றியது இதே கை. பொட்டை அழித்ததும் இதே கை. அழித்த வேகத்தில் பிரமிளாவின் நெற்றி கன்றிப்போய் ஒரு வாரம் எரிந்தது. "எங்க எஸ்டேட்டுல இப்பிடித்தான்," என்று அன்றைக்கு ராக்காயி சொன்னாள். எஸ்டேட்டு வீடு போய், ரப்பர் மரம் போய், அங்கே செம்பனை முளைத்து, குடும்பம் ஜெலாப்பாங்கில் மலிவு விலை வீட்டுக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்டது. வரும்போது எதையெதையோ அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள் இந்த வழக்கத்தை மட்டும் பத்திரமாக மூட்டை கட்டி எடுத்து வந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். ராக்காயியின் இளைய மகன் பவித்ரனுக்கு ஈப்போ பேரங்காடியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சுரண்டல் சீட்டு ஒன்றைக் கொடுத்திருந்தாள். சுரண்டினால் ஏர் ஃப்ரையர் விழுந்திருந்தது. சுரண்டுகிற எல்லோருக்கும் விழும் என்பது அந்தப் புத்திசாலிக்குத் தெரியாது. பரிசை வாங்க ஒரே நிபந்தனை. கடற்கரை விடுதியில் வருஷத்துக்கு ஒரு வாரம் சொந்தம் என்று ஏதோ திட்டமாம். அதைப் பற்றி ஒரு ஹோட்டலில் விளக்கம் சொல்வார்கள், உட்கார்ந்து கேட்க வேண்டும். கணவனும் மனைவியுமாக வர வேண்டும். பவித்ரனின் மனைவியோ நிறைமாதம், கமுந்திங்கில் அம்மா வீட்டில் இருந்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம கவிஷா சடங்கு," என்றாள் ராக்காயி. "நம்ம வீட்டுச் சீர்த்தட்டு பத்துத்தான் தேறுது. ஒத்தப்படையா வரணும்லா. அந்தச் சாமான பதினொண்ணாவது தட்டுல வச்சா மண்டபமே வாயப் பொளக்கும். ஐசி கார்டுல ஒனக்கும் அவனுக்கும் ஒரே அட்ரஸ். எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

"தம்பிக்குப் பொண்டாட்டியா நான் போயி உக்காரணுமா அத்த?"

"கொஞ்ச நேரந்தானே? வாயத் தொறக்காம உக்காந்துட்டு வந்திரு."

கவிஷா பிரமிளாவின் ஒரே மகள், புதிதாக வயதுக்கு வந்தவள். அவள் சடங்கன்று பிரமிளா மண்டபத்தின் பின்பக்கம் சமையல்கட்டோடு இருந்துகொள்ள வேண்டும், நலங்கு வைக்கிற இடத்தில் தலைகாட்டக் கூடாது என்று ஏற்கெனவே உத்தரவாகியிருந்தது. பெற்றவள் கையால் சந்தனம் பூசினால் பிள்ளைக்கு ஆகாதாம். "அம்மா வைக்கலன்னா எனக்குச் சடங்கே வேணாம்," என்று அந்தப் பிள்ளை சாப்பிடாமல் கிடந்து அழுதும் பாட்டி மசியவில்லை.

பிரமிளா யோசித்தாள். கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"போறேன் அத்த. ஆனா எம்புள்ளைக்கு மொத சந்தனம் நாந்தான் வைப்பேன். சம்மதமா?"

ராக்காயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, சரி. மொதல்ல மொகத்தக் கழுவு."

பொட்டு வைக்கக் குனிந்த மாமியாரின் நெற்றியில் காசளவுக் குங்குமம் பளபளத்தது. அந்தக் குங்குமம் அங்கே இருப்பதற்குக் காரணம், வாதம் வந்து வலது பக்கம் விழுந்தும் புருஷன் பிச்சைமுத்து இன்னும் உயிரோடு இருப்பது. பிச்சைமுத்து உயிரோடு இருப்பதற்குக் காரணம் பிரமிளா. ஃபேக்டரி வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அவரைக் கழுவி, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிடுவது அவள். ராக்காயி புருஷனின் இடுப்பில் கட்டிய பெம்பர்ஸை ஒருநாளும் மாற்றியதில்லை. அவளுக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளாது.

பிரமிளா கண்ணாடியில் பார்த்தாள். தனக்கு ஒரு தங்கச்சி இருந்து, காணாமல்போய்த் திரும்பி வந்து நிற்பதுபோல் இருந்தது.

ஹோட்டலின் மாடியில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வரிசை நின்றது. இவர்களுக்கு முன்னால், சீட்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி ஒரு வயதான அம்மாள்.

"ஹஸ்பண்ட் எங்க ஆண்ட்டி?" என்றாள் மேசைக்குப் பின்னாலிருந்த பெண்.

"அவரு தவறிட்டாரும்மா."

"சோரிலா ஆண்ட்டி. ஜோடியா வந்தா மட்டுந்தான்."

"பஸ் புடிச்சு வந்தேன்மா. ஒக்காந்து கேட்டுட்டுப் போறனே."

"முடியாது ஆண்ட்டி. அடுத்து!"

அம்மாள் சீட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஒதுங்கினாள். ராக்காயியின் சட்டமும் இந்தக் கம்பெனியின் சட்டமும் ஒன்றாகவே இருந்தன. இங்கே ஏர்கோன் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரமிளாவை ஒரு பையன் குனிந்து வரவேற்றான். நாற்காலியை இழுத்துப் போட்டான். உள்ளே வட்ட மேசைகள், காதைப் பிளக்கும் பாட்டு, சுவர் நிறைய நீலக் கடல். எந்த மேசையிலாவது யாராவது கையெழுத்துப் போட்டால் மணி அடித்தார்கள். எல்லோரும் கைதட்ட வேண்டும். இவர்கள் மேசைக்கு வந்தவன் தேவன். கோட்டு, காலில் பளபளக்கும் சப்பாத்து, வெல்லமாய்ப் பேச்சு.

"அண்ணே, அக்கா, நானும் எஸ்டேட்டுக்காரப் பையந்தான். நம்ம ஆளுங்க ஒழச்சு ஒழச்சே செத்துப்போறோம், எங்க போறோம் சொல்லுங்க? அக்கா, நீங்க சொல்லுங்க. அண்ணே ஒங்கள கடைசியா எங்க கூட்டிட்டுப் போனாரு?"

பவித்ரன் விழித்தான். பிரமிளாவுக்கு வாயைத் திறக்கக் கூடாதென்று உத்தரவு. ஆனால் மூன்று வருஷமாக அவளிடம் யாரும் மகேந்திரனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"லுமுட்டுக்கு," என்றாள். "பங்கோர் தீவுக்குப் போறதுக்குத்தான் கெளம்புனோம். புள்ளைக்குக் காய்ச்சல் வந்திருச்சு. ஃபெரி போறதக் கரையில நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டோம். அடுத்த வருசம் கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன்னாரு."

"போனீங்களாக்கா?"

"இல்ல. அதுக்குள்ள…"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பவித்ரன் தலையைக் குனிந்துகொண்டான். தேவனுக்குக் கொண்டாட்டம். மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது என்று நினைத்துவிட்டான்.

"பாத்தீங்களாண்ணே! அக்கா இன்னும் மறக்கல. குடுத்த வாக்கக் காப்பாத்துங்கண்ணே. இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு அண்ணனுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னு வைங்க, சும்மா பேச்சுக்கு, அப்ப அக்கா நடுத்தெருவுல நிக்கலாமா? இதுல ரெண்டு பேர் பேரையும் போட்டுட்டா, கடற்கர ரூம்பு அக்காவுக்கு ஆயுசுக்கும் இருக்கும்."

பிரமிளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புருஷன் போனப்புறம் அந்த ரூம்புக்குள்ள என்ன விடுவீங்களா தம்பி?"

"ஏன்க்கா விடமாட்டோம்?"

"வாசல்ல ஒரு அம்மாவ விடலியே."

தேவனின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. எழுந்து போனவன் மேலாளரைக் கூட்டி வந்தான். தர்மேந்திரன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்த ஆள் உட்காரவில்லை. நின்றபடியே பவித்ரனின் தோளில் கை வைத்து அமுக்கினான். ஒன்றரை மணி நேரம் என்று சொன்னது மூன்று மணி நேரமாகிவிட்டது. பரிசைக் கேட்டால், இதோ முடிந்துவிடும் என்றார்கள்.

"பிரதர், பொண்டாட்டி கண்ணுல தண்ணி வருது. நீங்க கணக்குப் பாக்குறீங்க. நீங்கள்லாம் ஆம்பளையா?" என்றான் தர்மேந்திரன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகவே சொன்னான்.

பவித்ரனின் காது சிவந்தது. பேனாவை எடுத்துவிட்டான். ஏற்கெனவே ஓட்டுகிற காடிக்கும் கைப்பேசிக்கும் தவணை கட்ட முடியாமல் திணறுகிறவன், ரோஷத்தில் கையெழுத்தைக் கிறுக்கித் தாளை அவள் பக்கம் தள்ளினான். "போட்டுத் தொலைங்க. வெளிய போலாம்," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வேணாம்," என்றாள் பிரமிளா.

"அக்கா…" என்று இழுத்தான் தேவன்.

"நான் போடமாட்டேன்."

மனைவி சம்மதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அதுவும் கம்பெனியின் சட்டம்தான். மூன்று வருஷமாக அந்த வீட்டில் கஞ்சிக்கு உப்புப் போதுமா என்றுகூட அவளிடம் கேட்டதில்லை. பொய்யாகப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்த இந்த மேசையில் அவள் சொன்ன ஒரு வார்த்தைக்கு மூன்று மணி நேர வியாபாரமே நின்றுபோனது.

தர்மேந்திரன் தாளை வெடுக்கென்று இழுத்தான். "இப்பிடி ஒரு பொம்பள வாச்சா எந்த ஆம்பளயும் உருப்பட மாட்டான். வீட்டுக்கு வந்த தரித்திரம்."

அந்த வார்த்தை அவளுக்குப் புதிதில்லை. பவித்ரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தான். வாசலில் ஏர் ஃப்ரையர் பெட்டியை ஒருவன் காலாலேயே இவர்கள் பக்கம் நகர்த்தி விட்டான்.

காடியில் வரும்போது பவித்ரன் மெல்ல வாயைத் திறந்தான். "கையெழுத்துப் போட்டிருந்தீங்கன்னா செத்தேன் அண்ணி."

"அத்தைக்கிட்ட நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி. மொத சந்தனம் நாந்தான்னு."

"ம்," என்றான்.

வீட்டு கேட்டிலேயே ராக்காயி காத்திருந்தாள். பெட்டியை வாங்கி நாலு மூலையும் தடவிப் பார்த்துப் பத்திரமாக உள்ளே வைத்தாள். திரும்பி வந்தபோது கையில் ஈரத்துணி இருந்தது.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி அழிச்சிரு. சங்கிலியையும் கழட்டு."

"அத்த, சந்தனம்…"

"எந்தச் சந்தனம்? பேச்சுக்குச் சொன்னா அதையே புடிச்சுக்குவியா? கொஞ்ச நேரம் பொட்டு வச்சதும் சுமங்கலியாயிருவியோ? சபையில காறித் துப்புவாங்க." அவளே எட்டி நெற்றியைத் துடைத்தாள். அதே வேகம்.

பவித்ரன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரமிளா அவனையே பார்த்தாள். அவன் நிமிரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பதினொரு தட்டும் மேடைக்கு முன்னால் வரிசையாக இருந்தன. பழம், பூ, வளையல், பட்டுப் பாவாடை, கடைசியில் ரிப்பன் கட்டிய ஏர் ஃப்ரையர். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் பிச்சைமுத்து. காலையில் பிரமிளாதான் அவரைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். கட்டிய புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராக்காயி பட்டுப்புடவையில் மினுமினுத்தாள்.

"அடேயப்பா, இது யாரு வாங்குனது?" என்றாள் ஒருத்தி.

"எம்மவன் பவித்ரன்," என்றாள் ராக்காயி. சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தட்டாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள். கடைசியாக அந்தப் பெட்டிக்கும் சந்தனம் தடவி, நடுவில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள்.

சமையல்கட்டு வாசலில் நின்ற பிரமிளா இதைப் பார்த்தாள். மேடையில் கவிஷா கேமராவைப் பார்க்கவில்லை. போட்டோக்காரர் எத்தனை தடவை கூப்பிட்டும் அவள் கண் இந்த வாசலிலேயே இருந்தது.

பிரமிளாவுக்குள் ஏதோ அறுந்தது. அட்டைப்பெட்டிக்கு இருக்கிற தகுதிகூடவா எனக்கில்லை? ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் மண்டபத்தின் நடுவில் நடந்து வந்தாள். பேச்சு ஒவ்வொரு வரிசையாக நின்றது. தட்டுகளுக்கு முன்னால் குனிந்தாள். ஏர் ஃப்ரையர் பெட்டி மேலிருந்த குங்குமத்தை விரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேடையேறி, மகளின் வலது கன்னத்தில் பூசினாள்.

"அடி முண்ட!" ராக்காயியின் குரல் கிறீச்சிட்டது. "சபையில என்னடி காரியம் பண்ற?"

"பெட்டிக்குப் பொட்டு வைக்கிறீங்களே அத்த. அதச் சம்பாரிச்சதே எம்பொட்டுத்தான். தம்பியக் கேளுங்க, யாரப் பொண்டாட்டின்னு சொல்லி வாங்கிட்டு வந்தாருன்னு."

எல்லோரும் பவித்ரனைப் பார்த்தார்கள். அவன் அன்றைக்கும் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராக்காயி மேடையை நோக்கி விரலை நீட்டினாள். "இனிமே என் வீட்டு வாசப்படிய மிதிக்காத! இன்னியோட சரி!"

"சரிங்கத்த," என்றாள் பிரமிளா. குரல் உயரவில்லை. "மாமாவுக்குப் பெம்பர்ஸ் மாத்துற நேரமாச்சு. நாற்காலிக்குப் பின்னாடி பையில இருக்கு. நீங்களே மாத்திருங்க."

மண்டபம் சக்கர நாற்காலியின் பக்கம் திரும்பியது. பிச்சைமுத்துவின் தலை சாய்ந்து தொங்கியது, கடைவாயிலிருந்து எச்சில் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. வாடை மெல்ல எழுந்தது. முன்வரிசையில் நலங்கு வைக்க வந்திருந்த சுமங்கலிகள் ஒவ்வொருவராகப் பட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். ராக்காயி நின்ற இடத்திலேயே நின்றாள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

பிரமிளா மகளின் இடது கன்னத்தைத் திருப்பி, அதிலும் சந்தனம் பூசினாள்.