இரண்டாம் ஊசிக்கு ஓர் ஆகட்டுங்க

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, கேட்டு வாங்கினேன். போத்தனூரில் நாய், பூனைகளுக்கான ஒரு சின்ன ஆஸ்பத்திரி. எங்கள் பூனைக்குத் தடுப்பூசி போடக் கூடையோடு காத்திருந்தபோது, மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய அட்டை தெரிந்தது. யாருடையது என்று கம்பவுண்டர் கண்ணையாவிடம் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுதான் கதையின் முடிவு. முடிவு இல்லாமல் கதை படிக்க முடியாது என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அட்டையில் இரண்டு கட்டங்கள். ஊசி போட்டதும் மருந்துப் புட்டியின் லேபிளை நகத்தால் உரித்துக் கட்டத்தில் ஒட்டுவது கண்ணையாவின் வேலை. முதல் கட்டத்தில் லேபிள் இருந்தது. இரண்டாவதில் பென்சிலால் எழுதிய தேதி மட்டும்: 14-8-96.

2

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

"ஆடிக்காற்று போத்தனூர் ரயில் பாலத்தின் மேல்" (நிறுத்திவிட்டேன். காற்றில் தொடங்கினால் எனக்குக் கதை நகராது.)

"பழனாத்தாளின் கணவர் இறந்து ஏழு" (இதுவும் வேண்டாம். உங்கள் கண்ணீரைக் குறுக்கு வழியில் கறக்கப் பார்த்தேன். அவர் கணவர் கல்லுக்குண்டாட்டம் நோய்நொடி இல்லாமல் இருக்கிறார். தேங்காய் வியாபாரம், வாரத்தில் நான்கு நாள் உடுமலைப்பேட்டையில்.)

"பழனாத்தாள் நாய்க்குட்டியை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்."

இது பரவாயில்லை. ஆனால் கண்ணையா ஒரு தடவைகூட அவரை 'அவள்' என்று சொல்லவில்லை. 'அவங்க' என்றுதான் சொன்னார். எனவே: வந்தார்.

குட்டிக்கு இரண்டு மாதம். பெயர் கருப்பட்டி, நிறமும் அதேதான். தோட்டத்துச் சாளை வீட்டில் பகல் முழுக்கத் தனியாக இருக்கும் பழனாத்தாளின் பின்னாலேயே சுற்றும். டாக்டர் சென்னகேசவன் முதல் ஊசியைப் போட்டார். ரத்தக்கழிச்சல் வராமல் தடுப்பது. ஆனால் ஒன்று மட்டும் போதாது, இருபத்தோராம் நாள் இரண்டாவதும் போட்டாக வேண்டும் என்று சொன்னார். கண்ணையா லேபிளை ஒட்டி, அடுத்த கட்டத்தில் தேதியை எழுதிக் கொடுத்தார்.

3

பதின்மூன்றாம் தேதி காய்கறிக் கடையில் கண்ணையா பழனாத்தாளைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, நாளைக்கு ஊசி நாளுங்க. குட்டியக் கொண்டாந்துருங்க."

"அந்த ஊசி போட்டு ரெண்டு நாள் சோறே திங்கலீங்க கம்பவுண்டரே. மேலெல்லாம் காச்ச. மொடங்கிப் படுத்துக்கிட்டு என்ற மூஞ்சியவே பாத்துதுங்க. எனக்குப் பயமாப் போச்சுங்க."

"அது அப்படித்தானுங்க இருக்கும். கொண்டாந்துருங்க."

பழனாத்தாள் பையிலிருந்த கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆகட்டுங்க."

(இங்கே ஓர் அடிக்குறிப்பு. அடியில் போட்டால் நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்பதால் நடுவிலேயே போடுகிறேன். எங்கள் பக்கத்தில் 'ஆகட்டுங்க' என்றால் சரி என்று அர்த்தம். முகத்துக்கு நேராக 'மாட்டேன்' என்பது மரியாதை இல்லை என்பதால், மாட்டேன் என்பதற்கும் அதே சொல்தான். முகம் பார்த்து வெடுக்கென்று சொன்னால் வருவார்கள். எங்கேயோ பார்த்துக்கொண்டு கடைசி எழுத்தை இழுத்தால் வர மாட்டார்கள். கல்யாணத்துக்கு அழைக்கப் போனவர்கள் எல்லோரும் இந்த இழுப்பை அளந்துதான் இலை எண்ணிக்கை சொல்வார்கள்.)

பழனாத்தாள் இழுத்தார். கண்ணையாவுக்கு அது நன்றாகவே கேட்டது.

காய்ச்சல் வந்ததே மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். "ஆகட்டுங்கன்னு சொன்னதுக்கு மேலயும் கேட்டா, அவங்க பேச்ச நம்பலைன்னு ஆயிப்போகுமுங்களே" என்றார் கண்ணையா.

4

மறுநாள் சாயங்காலம் வரை கருப்பட்டி வரவில்லை. டாக்டர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், இங்கே வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஊசிக்கு வராத குட்டிகளுக்கு ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கில் மருந்தை எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் தானே வீடு தேடிப் போவது அவர் வழக்கம். (கதைக்கு ஒரு பொல்லாதவர் வேண்டுமே என்று இவரைக் கொஞ்சம் கெடுக்கப் பார்த்தேன். முடியவில்லை. மனிதர் அப்படி.)

"அந்தக் கருப்பட்டி வரலையே கண்ணையா. நான் போய்ப் போட்டுட்டு வந்துடட்டுமா? அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"ஆகட்டுங்கன்னாங்க சார்."

"அப்ப சரி, நாளைக்கு வருவாங்க." டாக்டர் பிளாஸ்க்கை அலமாரியின் மேல் வைத்துவிட்டார்.

கண்ணையா பொய் சொல்லவில்லை. பழனாத்தாள் சொன்ன சொல்லைத்தான் சொன்னார், இழுப்பை மட்டும் விட்டுவிட்டார். மறுநாள் சுதந்திர தின விடுமுறை, அதற்கு மறுநாள் கூட்டம், அப்புறம் அது மறந்தே போயிற்று. இந்த இடத்தை எழுதும்போதெல்லாம் கண்ணையாவின் வாயில் இன்னொரு வரியை வைத்துவிடுகிறேன்: "ஆனா வர மாட்டாங்க சார், நீங்க போயிட்டு வந்துருங்க." வைத்த உடனே குட்டி பிழைத்துக்கொள்கிறது, கதை நின்றுவிடுகிறது, எனக்கும் நிம்மதியாக இருக்கிறது. பிறகு அடித்துவிடுகிறேன். அவர் அதைச் சொல்லவில்லை.

5

பத்து நாள் கழித்து, பழைய சேலையில் சுற்றிக் குட்டியைக் கொண்டுவந்தார் பழனாத்தாள். வாந்தி, ரத்தமாகக் கழிச்சல். சேலை நனைந்து கையெல்லாம் வழிந்தது. டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். காலையில் பழனாத்தாள் முதல் பஸ்ஸில் வருவார், மேசை ஓரமாக நின்று கருப்பட்டியின் காதைத் தடவிக்கொண்டே இருப்பார், மத்தியானம் கடைசி ஆளாகப் போவார். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அது வாலை ஒரு தரம் ஆட்டியது. எழுந்துவிடும் என்று கண்ணையாகூட நினைத்தார். பன்னிரண்டுக்கு அடங்கிவிட்டது.

(செத்துப்போவதை இன்னும் நீளமாக எழுதியிருந்தேன். ஒன்றரைப் பக்கம். கிழித்துப் போட்டுவிட்டேன். எழுத எழுத எனக்கே தாங்கவில்லை.)

டாக்டர் உள்ளே கை கழுவப் போயிருந்தார். பழனாத்தாள் குட்டியைச் சேலையில் மூடினார். அப்புறம் இடுப்பிலிருந்து அட்டையை எடுத்து மேசை மேல் வைத்து, இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"கம்பவுண்டரே, இந்த ஊசியப் போட்டிருந்தா பொளைச்சிருக்குமுங்களா?"

கண்ணையா வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்: "இல்லீங்க, என்ற தம்பி மக மோகனப்பிரியா ஊட்டுல இதுங்கூடப் பொறந்தது ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கு ஒண்ணுமே போடலீங்க. அதான் கேக்கறேன்."

6

இப்போது கண்ணையா என்ன சொல்வார்?

முடிவு ஒன்று. "பொளைச்சிருக்குமுங்க அம்மணி." உண்மை. மோகனப்பிரியா வீட்டுக் குட்டி காப்பாற்றப்படும். பழனாத்தாளோ ஆயுசு முழுக்கக் கத்தரிக்காயைப் பார்க்கும்போதெல்லாம்

(முடிக்கவில்லை.)

முடிவு இரண்டு. "அதெல்லாம் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. ஊசி போட்டும் செத்தது உண்டுங்க." பழனாத்தாள் மனசு ஆறி வீட்டுக்குப் போவார். போய், ஊசியால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தம்பி மகள் வீட்டில் சொல்வார். அந்தக் குட்டியின் பெயரை நான் கேட்டுக்கொள்ளாதது நல்லதாகப் போயிற்று.

முடிவு மூன்று. "தப்பு எம்மேலதானுங்க. நீங்க வர மாட்டீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க." எழுதும்போது எனக்குப் பிடித்த முடிவு இதுதான். ஆனால் கண்ணையாவிடம் வாசித்துக் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். "நல்லா இருக்குதுங்க" என்றார். அப்படியா நடந்தது என்று கேட்டேன். போட்டுக்கொண்ட கண்ணாடியை மறுபடியும் கழற்றினார். கம்பவுண்டர் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

7

அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். தான் சொன்ன பதில் எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், கடைசியில் "தம்பி மக ஊட்டுக் குட்டியக் கொண்டாந்துருங்க அம்மணி" என்று கேட்டதாகவும், பழனாத்தாள் செத்த குட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று "ஆகட்டுங்க" என்றதாகவும்.

"எப்படிச் சொன்னாங்க? இழுத்தாங்களா?" என்றேன்.

கண்ணையா அதைச் சொல்லிக் காட்டினார். எழுத்தில் அது வராது. வந்தாலும் நான் எழுதப்போவதில்லை.

அதனால் நீங்களே வாய்விட்டு ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். இரண்டு வாரம் முன்பு ஊசிக்குப் பயந்துபோயிருந்த பெண், கையில் சேலை மூட்டை, மேசையில் அட்டை. வெடுக்கென்று வந்தால் நல்லது, நாளைக் காலை அவர் அந்தக் குட்டியோடு வருவார். கடைசி எழுத்து கொஞ்சம் இழுத்தாலும் உட்கார்ந்திருக்காதீர்கள். பிளாஸ்க் அலமாரியின் மேலேதான் இருக்கிறது, ஐஸைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.